லாபக் கணக்கில் கூரியர் எங்கே?
"600-க்கு வாங்கிய புடவையை 800-க்கு விற்றால் 200 லாபம்" என்று ஆன்லைனில் புடவை விற்பது பற்றிய இந்தக் கட்டுரையில் போட்டிருப்பது கேஷ் ஆன் டெலிவரியில் நிற்காது. பத்து பார்சலில் இரண்டு வாங்காமல் திரும்பினால், போகவர தலா 150 என்று வைத்தாலும் 300 போச்சு, அதுவும் மற்ற எட்டுக்கு கூரியர் காசை வாங்குகிறவரே கொடுத்திருந்தால்! அட்டைப்பெட்டியும் வேண்டாம், பார்சல் அடைக்கும் இடத்தையும் கூரியரில் எடையாகக் கணக்கிடுவார்கள். 30×25×8 செ.மீ. பெட்டியின் கொள்ளளவை 5000-ஆல் வகுத்தால் 1.2 கிலோ, உள்ளே இருப்பது 600 கிராம் புடவைதான் என்றாலும் பல கூரியர்களில் பில் 1.2-க்குத்தான். தட்டையாக மடித்து கூரியர் கவரில் போட்டால் பெரும்பாலும் நிஜ எடைக்கு மட்டும் காசு. ரிட்டர்னில் வேறு புடவை வராமலிருக்க முந்தானையில் டேக் கட்டி, கவர் ஒட்டும்வரை இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் ஆன்லைனில் விற்கலாமா என்று மேலே கேட்டவருக்கு: தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் என்றால், 2023 அக்டோபரிலிருந்து ஆன்லைன் தளங்களில் பதிவு இல்லாமலே விற்கலாம், ஆனால் மாநிலத்துக்குள் மட்டும், ஜிஎஸ்டி தளத்தில் பான் கொடுத்து என்ரோல்மென்ட் எண் (பதிவு இல்லாதவர்களுக்கான அடையாள எண்) வாங்க வேண்டும்.