வெள்ளையாக்கித் தா, மனே

"உள்ளது உள்ளபடி எடுப்போம்" என்று என் ஸ்டூடியோப் பெயர்ப்பலகையில் எழுதி வைத்தது என் பிழைதான். மட்டக்களப்புக் கல்லடியில் தையல்கடை நடத்தும் மாமி, பேஸ்புக்கில் கடைக்குப் போட ஒரு படம் கேட்டார். மாலை ஐந்தரைக்கு, வாவிப் பக்க வாசல் வெளிச்சத்தில், 85 எம்எம் லென்சில் எடுத்தேன். விரலில் ஒட்டிய சோக்குத் தூள்கூடத் தெரிந்தது. பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தா, மனே."

அரை நிமிட வேலைதான். கம்ப்யூட்டரில் வெளிச்சம் கூட்டும் ஸ்லைடரைத் தள்ளினால் மாமி பால்மா டின்னுக்குள் விழுந்து எழும்பின மாதிரி ஆகிவிடுவார். அப்புறம், சட்டை தைக்க வருகிற பிள்ளை இவரை எப்படி அடையாளம் காணும்? கேட்டேன். "அதுக்குத்தானே கடையில பேர் கிடக்கு" என்றார். இதை வேறொரு ஸ்டூடியோவில் சும்மா செய்து கொடுக்கிறார்களாம்.

சரி, பின்னாலிருக்கும் பழைய மெஷினாவது கறுப்பாகவே இருக்கட்டும் என்று கெஞ்சினேன். அதையும் புதுசாக்க வேண்டுமாம்.