பாலிஷ் மிஷினுக்கு ஒரு பேட் வாங்குவதற்குள்...

கார் பாலிஷ் மிஷின் வாங்குவது சுலபம். அதற்கு மாற்று பேட், அதாவது காரைத் தேய்க்கிற ஃபோம் வட்டு, வாங்குவதுதான் உயிரை எடுக்கிறது. பழைய பேட் நடுவில் சூடேறி, பசை விட்டு, ஃபோம் தனியாக வெல்க்ரோ தனியாகக் கழன்று வந்துவிட்டது. சரி, தேய்கிற சாமான் தேயத்தான் செய்யும், அதில் எனக்குக் கோபமில்லை. அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்று தேடப் போனால்தான் கூத்து ஆரம்பிக்கிறது.

முதலில் இந்த நிறம். கீறல் எடுக்க முரட்டு ஃபோம், மெருகேற்ற நடுத்தரம், கடைசிப் பளபளப்புக்கு மெத்தென்ற ஃபோம். எது எது என்று கண்டுபிடிக்கத்தான் நிறம் கொடுக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எந்த நிறம் எந்த வேலைக்கு என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதியும் கிடையாது! ஒரு கம்பெனியின் மஞ்சள், ஆழக் கீறலை எடுக்கும் முரட்டு பேட். இன்னொரு கம்பெனியின் மஞ்சள், நுணுக்கமான மெருகுக்கு. நீலம் ஓரிடத்தில் இருப்பதிலேயே முரடு, வேறோரிடத்தில் படு மென்மை. பழையது நீலம், புதிதும் நீலம் என்று நம்பி வாங்குகிறவரின் காருக்கு யார் பொறுப்பு? பெயிண்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்கிற நிறமில்லாப் பூச்சு பல கார்களில் 50 மைக்ரான்கூட வராது. ஒரு மில்லிமீட்டரில் 20-ல் ஒரு பங்கு. தேய்த்துவிட்டால் போனது போனதுதான், திரும்ப முளைக்காது.

விரலால் அழுத்திப் பார்த்தால் ஃபோமின் இறுக்கம் ஓரளவு பிடிபடும். ஆன்லைனில் எதை அழுத்துவது, திரையையா? இதில் கலர் கலராக மலிவு செட் வேறு. வந்த பிறகு அழுத்திப் பார்த்தால் சிவப்பும் பச்சையும் கறுப்பும் ஒரே ஃபோம், சாயம் மட்டும் வேறு.

அடுத்தது அளவு. 150 மி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். எதன் 150? காரைத் தொடும் முகமா, வெல்க்ரோ ஒட்டும் முதுகா, பேட்டை ஒட்ட மிஷினில் இருக்கும் வட்டத் தகடான பேக்கிங் பிளேட்டா? பல பேட்களில் முதுகு சின்னதாகவும் முகம் பெரிதாகவும் இருக்கும். 5 அங்குல பிளேட்டுக்கு 5.5 அங்குல பேட் போடுவது வழக்கம், ஏனென்றால் பேட் பிளேட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் பிளேட்டின் விளிம்பு பெயிண்டில் இடிக்காது. இவ்வளவு முக்கியமான விஷயத்தை விற்கிறவர்கள் சொல்வதில்லை. "எல்லா மிஷினுக்கும் பொருந்தும்" என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள்.

பொருந்துமாம்! ரோட்டரி மிஷின் பேட்டை ஒரே அச்சில் வலுக்கட்டாயமாகச் சுழற்றும், பேட் தடிமனாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. டூயல் ஆக்‌ஷன் அப்படியில்லை. அது அதிர்ந்துகொண்டே சுழல்கிற சாது. தடித்த பேட்டை மாட்டினால் அந்த அசைவை ஃபோமே குடித்துவிடும், கொஞ்சம் அழுத்தினாலும் சுழற்சி நின்று சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் "மிஷின் சரியில்லை" என்று மிஷின் மேல் பழி. 15 அல்லது 21 மி.மீ. வீச்சில், அதாவது அவ்வளவு அகல வட்டத்தில், பேட்டை ஆட்டும் இந்த வகை மிஷின்களில் உள்ளே இருக்கும் எதிர் எடையே குறிப்பிட்ட பிளேட், பேட் எடைக்குக் கணக்குப் பண்ணி வைத்தது. கனம் ரொம்ப மாறினால் கை மரத்துப் போகிற அளவுக்கு உதறும். தடிமனையும் எடையையும் எத்தனை பேர் போடுகிறார்கள் என்று தேடிப் பாருங்கள், வயிறு எரியும்.

கம்பளி, மைக்ரோஃபைபர் பக்கமெல்லாம் நான் போகவே இல்லை. ஃபோமுக்கே இந்தப் பாடு.

அட்டையில் பளபளக்கிற ஸ்போர்ட்ஸ் கார் படம் போட இடம் இருக்கிறது. முகத்தின் அளவு, எந்த அளவு பிளேட்டுக்கு, தடிமன், முரட்டிலிருந்து மென்மை வரை இது எத்தனையாவது என்று நாலே நாலு எண் அச்சடிக்க மட்டும் இடமில்லையா?