"மோட்டார் ஆன்" என்று உங்கள் ஸ்டார்டர் எதைப் பார்த்துச் சொல்கிறது?

செல்போனில் இயங்கும் மோட்டார் ஸ்டார்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை நம்பர் பதிவு பண்ணலாம்?" என்பதுதான். நான் கேட்கச் சொல்வது வேறு. "மோட்டார் ஆன்" என்று பதில் அனுப்புகிறதே, அதை எதைப் பார்த்து அனுப்புகிறது?

உள்ளே இருக்கும் ரிலே என்ற சின்ன சுவிட்சுக்கு உத்தரவு போனதுமே "ஆன்" என்று சொல்லிவிடும் பெட்டிகள் உண்டு. ரிலே வேலை செய்திருக்கும். ஆனால் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரின் காயில் எரிந்து போயிருக்கலாம், ஒரு ஃபேஸ் இல்லாதபோது மோட்டாரை ஓடவிடாத பிரிவென்டர் தடுத்திருக்கலாம், போரில் தண்ணீரே இல்லாமல் இருக்கலாம். தோட்டத்திலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு அந்த ஒரு சொல்தான் கண். அது பொய்யானால் பயிரும் காயும், மோட்டாரும் ரீவைண்டிங்குக்குப் போகும்.

அதனால் வயரில் சி.டி. காயில் என்ற, மின்சாரத்தை அளக்கும் வளையத்தை மாட்டி, ஓடும் ஆம்ப்ஸை அளந்து சொல்லும் ஸ்டார்டரை வாங்குங்கள். 415 வோல்ட்டில் 5 எச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார் முழு லோடில் ஏறக்குறைய 7, 8 ஆம்ப்ஸ் எடுக்கும். சப்மெர்சிபிள் என்றால் சற்றுக் கூடும். "ஆன், 7.4 ஆம்ப்ஸ்" என்று வந்தால் பம்ப் தண்ணீரை இறைக்கிறது. "ஆன், 4 ஆம்ப்ஸ்" என்றால் பெரும்பாலும் வெறுமனே சுற்றுகிறது. நிறுத்தும்போதும் இதே கணக்குதான். கான்டாக்டர் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், ஆஃப் கொடுத்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஆம்ப்ஸ் பூஜ்யமானதைப் பார்த்த பிறகே "ஆஃப்" என்ற பதில் வர வேண்டும்.

தண்ணீர் இல்லாமல் ஓடினால் எத்தனை ஆம்ப்ஸுக்குக் கீழே மோட்டாரை நிறுத்துவது என்ற ட்ரை ரன் அளவைக் கம்பெனி வைத்தபடியே விடாதீர்கள். தண்ணீர் நன்றாக விழும்போது ஆம்ப்ஸைக் குறித்து, அதில் சுமார் 70 சதவீதத்தில் வைத்துத் தொடங்கிப் பாருங்கள். மோட்டார் கிளம்பியதும் லோடு நிலைப்படச் சற்று நேரம் ஆகும். அதற்கு 15, 20 விநாடியாவது காத்திருக்கும்படி வைக்காவிட்டால் நல்ல போரிலும் வீணாக நின்றுபோகும்.

ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் ஆன், அடுத்த மிஸ்டு கால் கொடுத்தால் ஆஃப் என்ற அமைப்பை நான் அடியோடு எதிர்க்கிறேன். அண்ணன் போட்டது தெரியாமல் தம்பியும் கூப்பிட்டால் மோட்டார் நின்றுவிடும். இருவரும் ஓடுவதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனுக்கு ஓர் எண், ஆஃபுக்கு வேறு எண் என்று இருந்தால் பத்துப் பேர் ஆன் கொடுத்தாலும் மோட்டார் ஓடத்தான் செய்யும். எஸ்.எம்.எஸ். உத்தரவானால், சிக்னல் இல்லாமல் தேங்கி மணிக்கணக்கில் தாமதமாக வருவதை ஸ்டார்டர் தள்ளிவிட வேண்டும். அனுப்பிய நேரம் செய்தியிலேயே இருக்கிறது, அதைப் பார்த்தால் போதும்.

ஸ்டார்டர் பேசாமல் போனால் காரணம் கரன்ட் கட்டா, சிம் வேலிடிட்டி முடிந்ததா, சிக்னல் இல்லையா என்று வீட்டிலிருந்து தெரியாது. சின்ன பேட்டரி ஒன்று உள்ளே இருந்தால் "கரன்ட் போய்விட்டது" என்பதையாவது சொல்லிவிடும். 2ஜி மாடலில் ஜியோ சிம் வேலை செய்யாது; வாங்கும் முன்பே கேளுங்கள். ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்கு வெளியே வையுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், மோட்டார் பக்கத்தில் நிற்பவரின் உயிர். பெட்டியில் ரிமோட், கை என்று மாற்றும் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். அது கைப் பக்கம் இருக்கும்போது போனில் கூப்பிடுபவருக்கு "தோட்டத்தில் ஆள் நிறுத்தி வைத்திருக்கிறார்" என்று தமிழில் குரல் கேட்க வேண்டும். ஆனால் அந்த சுவிட்ச் உத்தரவைத்தான் தடுக்கும், மின்சாரத்தைத் துண்டிக்காது. ஆட்டோ ஸ்டார்ட் போட்டிருந்தால் கரன்ட் வந்ததும் மோட்டார் தானாகவே கிளம்பும். வயரைத் தொடும் முன் மெயினை இறக்கி, மூன்று ஃபியூஸ் கேரியரையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.