லேபிள் வெட்டிய டீ-சர்ட்

பிராண்ட் துணிக்குக் கூடுதலாகக் கொடுப்பது தரத்துக்குத்தான் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. கேரளம்தான், ஆனால் கடைத்தெருவில் தமிழ் பேசியே காலம் தள்ளலாம். ஓணம் நெருங்கினால் திருப்பூர் காதர்பேட்டையிலிருந்து ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு மூட்டை மூட்டையாக இங்கே வந்து இறங்கும். கழுத்துக்குப் பின்னால் லேபிளைப் பாதியாக வெட்டியிருப்பார்கள். மிச்சமிருக்கும் இரண்டு எழுத்தை வைத்தே எந்தக் கம்பெனி என்று பையன்கள் சொல்லிவிடுவார்கள். 150 ரூபாய்க்கு நான் வாங்கியது மூன்று வருஷமாக உழைக்கிறது. அதே நூல், அதே தையல். அப்புறம் மாலில் கொடுக்கிற மீதிப் பணம் எதற்கு?

தைத்தவர்களுக்கு இல்லை. வங்கதேசத்தில் டாக்கா பக்கத்தில், பிராண்டுகளுக்குத் துணி தைத்த கம்பெனிகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்தது 2013 ஏப்ரல் 24இல். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. அதே கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது. தையல் வேலைக்காரர்களை மட்டும் மறுநாள் உள்ளே ஏற்றினார்கள். செத்தது 1,100 பேருக்கு மேல்.

சரி, நானும் யோக்கியன் இல்லை. திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் ஓடி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதும், 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் தெரிந்துதான் இந்த 150 ரூபாய்ச் சட்டையையும் போடுகிறேன்.

என் பையனுக்கும் ஒன்று வாங்கித் தந்தேன். வெட்டுப்பட்ட லேபிள் தெரியாதபடி காலரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் காலேஜுக்குப் போகிறான்.