பனம்பழம் விழுந்தது, காக்கைக்குப் பாராட்டு விழா

அந்தப் பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி இங்கே ஒட்டவில்லை. "நிக்கோ ஹாரிசனிடம் மன்னிப்புக் கேளுங்கள்" என்று ஆரம்பிக்கிறதே, அதுதான். நிக்கோ, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணியின் அப்போதைய பொது மேலாளர். நட்சத்திர வீரர் லூகா டோன்சிச்சை அவர் வேறு அணிக்குக் கொடுத்ததைத் திட்டியவர்கள், பிறகு டல்லாஸுக்கு லாட்டரி அடித்து இளம் வீரர் கூப்பர் ஃப்ளாக் கிடைத்ததால் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். கீழே என்னை டேக் செய்து, "என்ன தலைவரே, சத்தத்தையே காணோம்?" என்று கேள்வி வேறு. சரி, சத்தம் போடுகிறேன்.

2025 மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து டிராஃப்ட் லாட்டரி பார்த்தவன் நான். பிளேஆஃபுக்குப் போகாத அணிகளில், புது வீரர்களை யார் முதலில் தேர்ந்தெடுப்பது என்பதற்கான குலுக்கல் அது. டல்லாஸுக்கு முதல் பிக், அதாவது முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை, என்றதும் கையில் இருந்த டீ ஆறிப்போனது. ஆனால் எனக்கு வந்தது ஆச்சரியம், மரியாதை அல்ல. இயந்திரத்தில் 14 பந்துகள், அதில் நான்கு வெளியே வரும். மொத்தம் 1,001 சேர்க்கைகள். டல்லாஸ் கையில் இருந்தவை 18. அதுவும் எப்படி? சிகாகோவும் டல்லாஸும் 39 வெற்றி, 43 தோல்வி என்று சமமாக முடித்ததால், யாருக்கு 18, யாருக்கு 17 என்பதற்கே தனியாக ஒரு குலுக்கல். நிக்கோவின் மூளை இதில் எந்தப் பந்துக்குள் இருந்தது என்று காட்டுங்கள், மன்னிப்புக் கேட்கிறேன்.

நான் சொல்வது ஒன்றே ஒன்று. ஒரு முடிவை, அதை எடுத்த அன்றைக்குக் கையில் என்ன இருந்தது என்று பார்த்துத்தான் எடைபோட வேண்டும். லூகாவைக் கொடுத்த அந்த பிப்ரவரியில் என்ன இருந்தது? 25 வயது லூகா டோன்சிச். எட்டு மாதம் முன்புதான் அணியை ஃபைனல்ஸ் வரை இழுத்துப் போனவர். அவரைக் கொடுத்து வாங்கியது 31 வயது ஆந்தனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029இல் ஒரு முதல் சுற்று பிக். அதையும் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியோடு மட்டும் ரகசியமாகப் பேசி முடித்தார்கள். ஒரு வாழைத்தார் விற்பவர்கூட மண்டியில் நாலு பேரிடம் விலை கேட்பார்.

நிக்கோ காரணம் என்ன சொன்னார்? தடுப்பாட்டம்தான் கோப்பை வெல்லும் என்றார். உடனே ஜெயிக்கத்தான் இந்த டிரேட், இந்த ஆள் மாற்றம். நடந்தது என்ன? டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு வாரக்கணக்கில் வெளியே. மார்ச்சில் அணியின் இன்னொரு நட்சத்திரம் கைரி இர்விங்கின் முழங்கால் போனது. பிளேஆஃபுக்குள் நுழைவதற்கான பிளே-இன் ஆட்டத்தில் மெம்பிஸிடம் தோற்று மூட்டை கட்டினார்கள். அந்த ஆட்டத்தில் டேவிஸ் 40 புள்ளி எடுத்தார், தெரியுமா? அன்றைக்கு ஜெயித்திருந்தால் டல்லாஸ் லாட்டரிக்கே வந்திருக்காது. அதாவது நிக்கோ ஆசைப்பட்டது நடந்திருந்தால் கூப்பர் ஃப்ளாக் வேறு யாருக்கோ போயிருப்பார்! பஸ்ஸைத் தவறவிட்டவன், நடந்து போகும் வழியில் ஐந்நூறு ரூபாய் கிடைத்ததும், "பஸ்ஸை விட்டதே என் திட்டம்தான்" என்றால் சிரிப்போமா, மாலை போடுவோமா?

"லூகா உடம்பைக் கவனிப்பதில்லை, தடுப்பாட்டம் ஆடுவதில்லை" என்பீர்கள். அந்த உடம்போடுதான் ஃபைனல்ஸுக்குப் போனார். அடுத்தது.

"லாட்டரியே செட்டப்" என்பவர்களோடு பேச எனக்கு நேரமில்லை.

கொஞ்சம் யோசிக்க வைத்தது ஒரு நண்பர் இன்பாக்ஸில் கேட்டதுதான். "2011இல் கிளிப்பர்ஸ் அணி, பேரன் டேவிஸ் என்ற வீரரைத் தள்ளிவிடுவதற்காகத் தங்கள் பிக்கையும் சேர்த்து கிளீவ்லண்ட் அணிக்குக் கொடுத்தார்கள். 2.8 சதவீத வாய்ப்பில் அது முதல் பிக்காகி, கைரி இர்விங் ஆனது. அதற்கு இத்தனை வருஷம் நீ சிரித்தாயே, அதுவும் பந்து விழுந்த விதம்தானே?" நியாயமான கேள்வி. சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வேறு. அந்த பிக் முன்வரிசையில் விழுந்தால் எங்களுக்கே என்று அவர்கள் எந்தப் பாதுகாப்பும் கேட்டு வாங்கவில்லை. அது கொடுத்த அன்றைக்கே தெரிந்த ஓட்டை. சரி, முழுக்க வேறு இல்லை, கொஞ்சம் வேறு. விடுங்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று வீட்டிலும் கேட்டார்கள். சொல்கிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் நான் பள்ளிக் கூடைப்பந்து அணியில் பாயின்ட் கார்டு, ஆட்டத்தை நடத்துபவன். மாவட்டப் போட்டிக்கு நான்கு நாள் முன்பு பி.டி. சார் என்னை எடுத்துவிட்டு, தாளாளருக்குச் சொந்தக்காரப் பையன் ஒருவனைச் சேர்த்தார். நல்ல உயரம். லே-அப்புக்கு எந்தக் காலில் எழும்ப வேண்டும் என்பது மட்டும் தெரியாது. முதல் சுற்றில் எதிரணி வந்த வேன் வழியில் நின்றுபோய் நமக்கு வாக்ஓவர். அடுத்த சுற்றில் எதிரணியின் முக்கியமான பையனுக்கு அம்மை. அரையிறுதிக்குப் போய், முப்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றுத் திரும்பினார்கள். திங்கட்கிழமை பிரேயரில் சார் மைக்கைப் பிடித்தார். "என் செலக்‌ஷனைத் தப்புன்னு சொன்னவங்கல்லாம் இப்ப கை தட்டுங்க."

நானும் தட்டினேன்.

ஏப்ரல் 9ஆம் தேதி லூகா லேக்கர்ஸ் உடையில் டல்லாஸுக்கு வந்தார். பழைய காட்சிகளைத் திரையில் போட்டதும் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் எழுந்து போய் 45 புள்ளி எடுத்தார். அவரால் முடிந்தது. பள்ளியில் என்னை எடுத்த அன்று எனக்கு வந்த உத்தரவு, எட்டாம் நம்பர் பனியனைத் துவைத்துத் திருப்பிக் கொடு என்பது. அம்மா விஷயம் தெரியாமல் பெட்டி போட்டு, மடித்து, துணிப்பையில் வைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு அந்தப் பையன் வேனில் ஏறும்போது இடுப்பு தெரிந்தது, அவனுக்குக் கட்டை.

ஃப்ளாக் நன்றாக ஆடட்டும். அந்தப் பையன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. டல்லாஸ் நாலு கோப்பைகூட வாங்கட்டும். அன்றைக்கும் என்னை டேக் செய்யுங்கள், இதே பதிவைத்தான் மறுபடி போடுவேன்.