பட்டியல் யார் கையில்?

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பரில் இதே முகநூலில், அந்த நிறுவனமே தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்காக ஓர் அறிவிப்பு போட்டது. ஏழைகளுக்கு இலவச இணையம் கிடைக்க வேண்டுமானால் ட்ராய்க்கு (தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) மின்னஞ்சல் அனுப்புங்கள் என்று. கடிதத்தை அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். நாம் பட்டனை அமுக்கினால் போதும். அமுக்கினேன். நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியில் தூங்கியும் போனேன்.

மறுநாள் என் நண்பன் (சென்னையில் ஐடி வேலை, எதையும் நம்பாதவன்) போனில் பிடித்துக்கொண்டான். "டேய், டேட்டா கட்டணம் பத்தி ட்ராய் மக்கள்கிட்ட கேட்டது நாலு கேள்வி. நீ அனுப்புன லெட்டர்ல அதுல ஒண்ணுக்காவது பதில் இருக்கா?" என்றான். இல்லை. நான் அந்தக் கேள்விகளைப் படிக்கவே இல்லை. என்னைப் போல லட்சக்கணக்கானவர்கள் படிக்காமலேதான் அனுப்பியிருந்தார்கள்.

அந்த வருடமே ஒரு மாதிரியான வருடம். செப்டம்பரில் பிரதமர் ஃபேஸ்புக் தலைமையகத்துக்குப் போன சமயம், எல்லோரும் முகப்புப் படத்தில் மூவர்ணம் பூசிக்கொண்டோம். அந்த வசதிக்கான நிரலைத் திறந்து பார்த்தவர்கள் உள்ளே ஃபேஸ்புக்கின் இலவச இணையத் திட்டமான இன்டர்நெட்.ஆர்க்கின் பெயர் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பொறியாளர் சும்மா வைத்த பெயர், வேறு உள்நோக்கம் இல்லை என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. இருக்கலாம். நானும் பூசிக்கொண்டவன்தான்.

இன்டர்நெட்.ஆர்க்தான் பிறகு ஃப்ரீ பேசிக்ஸ் ஆனது. 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் மூலம் இந்தியாவில் இறங்கியபோது முதலில் திறந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. முப்பத்துச் சொச்சம் தளங்களை டேட்டா காசு இல்லாமல் பார்க்கலாம், மற்றதற்குக் காசு. அதில் ஃபேஸ்புக் இருந்தது, கூகுள் இல்லை. எதிர்ப்பு வந்ததும், யார் வேண்டுமானாலும் தங்கள் தளத்தைச் சேர்க்கலாம் என்றார்கள். ஆனால் சேர்வதற்கான விதிகளை எழுதியது அவர்கள். வீடியோ கூடாது, இணையவழி அழைப்பு கூடாது, வருவதும் போவதும் அவர்களுடைய சர்வர் வழியாகத்தான்.

நான் ஏன் அதை ஆதரித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நான் இலவசத்தைக் கேலி செய்கிற ஆள் இல்லை. இலவச அரிசி, இலவச சைக்கிள், இலவச லேப்டாப் எல்லாவற்றுக்கும் இங்கே சண்டை போட்டிருக்கிறேன். ஆகவே, "ஒன்றுமே இல்லாதவனுக்கு இதாவது கிடைக்கட்டுமே" என்ற வாதம் என்னிடம் சுலபமாக எடுபட்டது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை!

நண்பன் என்னை மடக்கியதும் அந்த இடத்தில்தான். "ரேஷன் அரிசி வாங்குறவன்கிட்ட, இதை இட்லிக்கு மட்டும்தான் போடணும், சோறு வடிக்கக் கூடாதுன்னு யாராவது சொல்றாங்களா? இலவச டிவி குடுத்தப்ப இந்தச் சேனல் மட்டும்தான் தெரியும்னு பூட்டிக் குடுத்தாங்களா?" (கேபிள் யார் கையில் இருந்தது என்பது தனிக்கதை, அதைப் பின்னூட்டத்தில் ஆரம்பிக்காதீர்கள்.) பிறகு அவன் சொன்னதுதான் இன்றுவரை உறுத்துகிறது. "டீ ஃப்ரீதாண்டா. ஆனா உனக்குத் தனி டம்ளர்." இரட்டைக் குவளையைக் கண்ணால் பார்த்து வளர்ந்த ஊர்க்காரனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கம்பிக்குள் எது ஓடுகிறது என்று பார்த்து, ஒன்றுக்கு ஒரு விலை, இன்னொன்றுக்கு வேறு விலை, ஒன்றுக்கு வேகம், இன்னொன்றுக்கு முட்டுக்கட்டை என்று கம்பிக்காரன் வைக்கக் கூடாது. நெட் நியூட்ராலிட்டி என்பது அவ்வளவுதான். இந்தச் சண்டைக்கு இங்கே முதலில் தூபம் போட்டது ஏர்டெல். 2014 டிசம்பரில், ஸ்கைப், வைபர் மாதிரி அழைப்புகளுக்குத் தனி டேட்டா கட்டணம் என்று அறிவித்து, கூச்சல் கிளம்பியதும் சில நாளில் பின்வாங்கியது. 2015 ஏப்ரலில் ஏர்டெல் ஜீரோ வந்தது (சேரும் கம்பெனி காசு கட்டினால் அதன் ஆப்பை நாம் டேட்டா காசு இல்லாமல் பார்க்கலாம்). அதில் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்த ஃப்ளிப்கார்ட் மக்கள் கோபத்தைப் பார்த்து விலகிக்கொண்டது. அந்த மாதம் மட்டும் ட்ராய்க்குப் பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல் போனது. ட்ராய் என்ன செய்தது? எழுதியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை அப்படியே தன் தளத்தில் போட்டுவிட்டது. என்னத்தைச் சொல்ல.

ஆனாலும் ட்ராய் கடைசியில் நேராக நின்றது என்பதை மறைக்கக் கூடாது. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வெவ்வேறு கட்டணம் வைப்பது கூடாது என்று விதி போட்டது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். பெரிய கம்பெனிக்கு அது டீச்செலவு. ஆனாலும் ஃப்ரீ பேசிக்ஸ் அந்த வாரமே மூட்டை கட்டியது. 2018இல் வேகத்தைக் குறைப்பதும் கூட்டுவதும் தடுப்பதும் கூடாது என்பது இணையம் தரும் கம்பெனிகளின் உரிமத்திலேயே ஏறியது. அமெரிக்காவில் 2015இல் வந்த விதி 2017இல் போய், 2024இல் திரும்பி வந்து, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தில் மறுபடி செத்தது. நம்முடையது இன்னும் நிற்கிறது. இதில் பெருமைப்பட எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

என் சங்கடம் வேறு. கம்பெனியின் பட்டியலைக் கிழித்துப் போட்டோம், சரி. அரசாங்கத்தின் பட்டியல்? 2019 ஆகஸ்ட் 5 அன்று காஷ்மீரில் இணையம், தொலைபேசி எல்லாம் அறுந்தன. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2020 ஜனவரியில் 2ஜி வேகத்தில் திரும்பத் திறந்தார்கள். எப்படி? அனுமதிக்கப்பட்ட 153 தளங்கள் என்று ஒரு பட்டியல். அப்புறம் அது 301 ஆனது. சமூக ஊடகம் கிடையாது. ஃப்ரீ பேசிக்ஸ் கொடுக்கப் பார்த்ததும் இதே பட்டியல் இணையம்தானே? அதற்கு எதிராக லட்சக்கணக்கில் கடிதம் போட்ட நாடு இதற்கு எத்தனை போட்டது? நெட் நியூட்ராலிட்டி விதி உரிமம் வாங்கிய கம்பெனியைத்தான் கட்டுப்படுத்தும், அரசு உத்தரவைத் தொடாது. அங்கே 4ஜி திரும்பி வர 2021 பிப்ரவரி ஆயிற்று.

காஷ்மீர் தூரம் என்பவர்களுக்குத் தூத்துக்குடி பக்கம்தான். 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்த உத்தரவு வந்தது. 13 பேர் செத்த ஊரில் யார் செத்தார், யார் ஆஸ்பத்திரியில் என்று கேட்க வழியில்லாமல் செய்ததை "வதந்தியைத் தடுக்க" என்றார்கள். வதந்தி செய்தி இல்லாத இடத்தில்தான் பரவும். இதுகூடவா தெரியாது?

இப்போது புதுசாக ஒன்று. நிறைய டேட்டா இழுக்கிற பெரிய இணைய நிறுவனங்கள் எங்களுக்குப் பங்கு தர வேண்டும் என்று செல்போன் கம்பெனிகளின் சங்கம் சில வருடமாகக் கேட்கிறது. கேட்க நியாயமாகத் தெரியும், யூடியூப்காரனிடம் இல்லாத பணமா என்று தோன்றும். ஆனால் அந்த டேட்டாவை இழுப்பது நாம். அதற்கு ரீசார்ஜ் ஏற்கெனவே போட்டுவிட்டோம். ஒரே சரக்குக்கு இரண்டு பக்கமும் வாடகை. தென்கொரியாவில் 2016இலிருந்து இந்தப் பாணிக் கட்டணம் இருக்கிறது. மற்ற நாடுகளைவிடப் பத்து மடங்கு செலவாகிறது என்று சொல்லி, நேரலை வீடியோ தளமான ட்விட்ச் 2024 பிப்ரவரியில் அங்கே கடையைச் சாத்தியது. பெரியவன் கட்டிவிட்டு நம்மிடம் வசூலிப்பான். சின்னவன் வரவே மாட்டான்.

கடைசியாக, என்னையும் சேர்த்து நம் பக்கத்தின் கணக்கு. ஃப்ரீ பேசிக்ஸை எதிர்த்தபோது நாம் என்ன சொன்னோம்? ஏழைக்கு அரைகுறை இணையம் வேண்டாம், முழு இணையம் கொடுங்கள் என்றோம். முதல் பாதியில் ஜெயித்தோம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும், இரண்டாம் பாதி தானாக நடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். 2020இல் ஆன்லைன் வகுப்பு வந்தபோது டவர் கிடைக்காமல் பிள்ளைகள் மரத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் ஏறி உட்கார்ந்தார்கள். 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒரே வாரத்தில் கட்டணத்தை ஏற்றின. பட்டன் போன் வைத்திருக்கும் என் அத்தை, தொடவே தொடாத நெட்டுக்கும் சேர்த்து வருடக்கணக்கில் பணம் கட்டினார். பேசுவதற்கு மட்டும் ஒரு பேக் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ட்ராய் சொன்னது 2024 டிசம்பரில்தான்.

கேரளத்தில் 2019இல் கல்லூரி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையம் கல்வி உரிமையின் பகுதி என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2023இல் அரசே கே-ஃபான் என்ற இணையச் சேவையைத் தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்பது இலக்கு, முதற்கட்டம் தொகுதிக்கு 100 வீடு. மெதுவாகத்தான் போகிறது, கிண்டல் செய்பவர்கள் செய்யலாம். ஆனால் அங்கே பட்டியல் கிடையாது. இங்கும் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டம் இருக்கிறது. கம்பி ஊராட்சி அலுவலகத்தோடு நிற்காமல் காலனிக்கும் மலைக்கும் போகிறதா, மாசம் எவ்வளவுக்குப் போகிறது என்று கிராம சபையில் கேட்கலாம். நான் இதுவரை கேட்டதில்லை.

போன வாரம் அதே நண்பனிடம் இதைப் புலம்பினேன். "அன்னிக்கு அவ்வளவு பேர் எழுதினோமே, முழு நெட் குடுன்னு ஏண்டா இப்ப யாருமே எழுதல?"

"அதுக்கு யாரும் பட்டன் வைக்கலையேடா" என்றான்.