பருத்திக் கணக்கில் விடுபட்ட மனிதர்கள்

19ஆம் நூற்றாண்டு நாடொன்றை ஆடுபவரே நடத்திப் பார்க்கும் விக்டோரியா 3 என்னும் கணினி வியூக விளையாட்டில் அடிமைகளுக்குக் கூலி கிடையாது. அவர்கள் உண்ணவும் உடுக்கவும் ஆகும் செலவை மட்டும் தோட்டம் ஏற்கிறது. அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தால் நிலக்கிழார்களின் அணி எதிர்த்து நிற்கிறது. இவ்வளவு தூரம் எண்ணிச் செய்திருப்பதை நான் மதிக்கிறேன். ஆனால், அடிமைமுறை பழைய உலகின் மிச்சம், ஆலைகள் பெருகினால் தானே உதிர்ந்துவிடும், ஆகவே உற்பத்திக் குறைவு என்றொரு தண்டனையை அதற்கு விதித்தால் போதும் என்று இவ்வகை விளையாட்டுகளை ஆடுவோரிடையே நிலவும் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

வரலாறு நேர்மாறாக நடந்தது. 1793இல் அமெரிக்காவில் எலி விட்னி என்பவரின் எந்திரம் வந்தபின், பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் வேலை விரைவானது. செடியிலிருந்து பஞ்சைப் பறிக்கும் வேலையோ மனிதக் கைகளிலேயே நின்றது. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதி நூற்பாலைகள் எவ்வளவு பஞ்சு கொடுத்தாலும் விழுங்கின. விளைவாக, 1790இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860இல் ஏறத்தாழ 40 லட்சமாயிற்று. வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது 1808இலேயே தடைசெய்யப்பட்டிருந்தும் இது நிகழ்ந்தது. வர்ஜீனியா போன்ற பழைய மாநிலங்களிலிருந்து சுமார் 10 லட்சம் பேர் மிசிசிப்பி, அலபாமா, லூசியானா பக்கம் விற்கப்பட்டோ இழுத்துச் செல்லப்பட்டோ போய்ச் சேர்ந்தார்கள். ஒரு கட்டத்தில் புகுந்த எந்திரம் அதற்கு முந்தைய கட்டத்தில் கட்டாய உழைப்பைப் பெருக்கும் என்பதைக் காட்டாத விளையாட்டு, தொழில்மயமாக்கலின் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. தன் மண்ணில் அடிமைமுறையை ஒழித்த நாட்டின் நெசவாலை பெரிதாகும்போது, கடலுக்கு அப்பால் இன்னொரு தோட்டத்துக்கு ஆட்கள் வாங்கப்படுவதை ஆடுபவர் தன் கண்ணால் காண வேண்டும்.

மற்றொரு குறை இதைவிட ஆழமானது. தோட்டக்காரருக்கு அடிமை என்பவர் உழைப்பாளி மட்டுமல்லர், அடகு வைக்கத்தக்க சொத்தும்கூட. லூசியானாவின் சிட்டிசன்ஸ் வங்கியும் கெனால் வங்கியும் சேர்ந்து ஏறத்தாழ 13,000 மனிதர்களைக் கடனுக்கு ஈடாக ஏற்றிருந்தன. விளையாட்டு தொடங்கும் 1836க்கு மறு ஆண்டே பருத்தி விலை சரிந்து வங்கிகள் முறிந்தன. அப்போது கடனை அடைக்க விற்கப்பட்டவர்கள் தாயும் பிள்ளையுமாகப் பிரிந்தார்கள். கடனும் ஈடும் ஏலமும் கணக்கில் வந்தால்தான், மிகுந்த செல்வம் படைத்த ஒரு வர்க்கம் அமெரிக்க உள்நாட்டுப் போருக்கே துணிந்தது ஏன் என்பது ஆடுபவருக்கு விளங்கும்.

அடிமைப்பட்டவர்களுக்கு அரசியல் வலு சுழி என்று விளையாட்டில் வைப்பது சட்டப்படி சரி, வரலாற்றுப்படி தவறு. 1831 கிறிஸ்துமஸ் வேளையில் பிரிட்டிஷ் குடியேற்றமான ஜமைக்காவில் சாமுவேல் ஷார்ப் தலைமையில் பல்லாயிரம் அடிமைகள் வேலையை நிறுத்திக் கிளர்ந்தெழுந்தனர். 1832 மே மாதத்தில் அவர் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமைமுறை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. வாக்கில்லாதவர்கள் கரும்புக் காட்டை எரித்தும் தப்பியோடியும் வேலையை மந்தமாக்கியும் அரசை அசைக்கும் வழி விளையாட்டில் இருந்தாக வேண்டும்.

அந்தச் சட்டத்தின்படி இழப்பீடாகக் கொடுத்த 2 கோடி பவுண்டும் உடைமையாளர்களுக்கே போயிற்று. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசும் இல்லை. 1834 நவம்பரில், இன்னொரு பிரிட்டிஷ் குடியேற்றமான மொரிஷியஸின் கரும்புத் தோட்டங்களுக்காக 36 இந்தியத் தொழிலாளர்களை ஏற்றிய அட்லஸ் என்னும் கப்பல் அத்தீவை அடைந்தது. பின்னாளில் தமிழ் மாவட்டங்களின் கூலிகளும் அதே ஒப்பந்த முறையில் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். ‘அடிமைமுறை ஒழிந்தது’ என்று திரையில் அறிவிப்பு வரும்போது, தோட்ட முதலாளி அடுத்து எந்தத் துறைமுகத்தில் ஆள் தேடுகிறார் என்பதையும் அந்த விளையாட்டு எனக்குக் காட்ட வேண்டும்.